ஓட்டையை மறைத்த மகனோலியா

அமெரிக்காவின் இந்தியானாவில் ஒருத்தர், சுவரில் இருந்த ஓட்டையை மறைக்க மகனோலியாப் பூ வரைந்த படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். பழைய மேசை நாற்காலிகளோடு சொற்பக் காசுக்கு வந்த படம். ஓவிய ஏலத்தை வைத்து ஆடும் விளையாட்டு ஒன்றின் சீட்டில் அதே மாதிரி பூவைப் பார்த்ததும் சந்தேகம் தட்ட, விசாரித்திருக்கிறார். 1999-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதை 12.5 லட்சம் டாலருக்கு வாங்கியது.

வரைந்தவர் மார்ட்டின் ஜான்சன் ஹீட். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

ஹீட் நிலக்காட்சி ஓவியர். கடலோர உப்புச் சதுப்பு நிலங்களை மட்டுமே நூறு படங்களுக்கு மேல் வரைந்தவர். தட்டையான புல்வெளி, வளைந்து போகும் நீரோடை, அங்கங்கே வைக்கோல் போர், மீதியெல்லாம் வானம். 1883-இல், அறுபதைத் தாண்டிய பிறகு கல்யாணம் செய்துகொண்டு புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் குடியேறினார். மகனோலியா படங்கள் அங்கே பிறந்தவை.

அதற்கு முன்பும் அவர் பூ வரைந்ததுண்டு. பெரும்பாலும் ஜாடியில் நிமிர்ந்து நிற்கும் பூக்கள். மகனோலியாவைத் துணிமேல் கிடத்திவிட்டார். ஜாடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் இன்னொரு மகனோலியா படமான 'நீல வெல்வெட்'டைப் பாருங்கள். 1890 வாக்கில் வரைந்தது. 38-க்கு 61 சென்டிமீட்டர்தான். சோபாவில் சாய்ந்திருக்கும் பெண்ணுடல் மாதிரி என்று எழுதும் விமர்சகர்கள் உண்டு. இருக்கட்டும். எனக்குத் தெரிவது அந்தப் பழைய சதுப்பு நிலம்தான். அகலவாக்கில் நீளும் இருண்ட தரை, பக்கவாட்டில் விழும் வெளிச்சம், வைக்கோல் போர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது பூ. ஸ்டில் லைஃப் (பூ, பழம், பாத்திரம் மாதிரி அசையாப் பொருள்களை வரைவது) என்றாலே கூடத்து அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்று. மகனோலியா இதழ், விரல் பட்ட இடத்தில் பழுப்பேறிவிடும். (நம்ம செண்பகமும் மகனோலியா இனம்தான், தலையில் வைத்தவர்களுக்கு அது வதங்கும் வேகம் தெரியும்.) எழுபது வயதுக்காரர் இப்படிப்பட்ட பூவைத் தண்ணீர்கூட இல்லாமல் கிடத்தி வைத்திருக்கிறார், பாருங்கள்.

1904-இல் செத்துப்போன மனுஷனை 1940-கள் வரை உலகம் மறந்தே போயிருந்தது.

'நீல வெல்வெட்' படம் நல்ல தெளிவில் இணையத்தில் கிடைக்கிறது. அந்த ஹூஸ்டன் விலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இலைகளை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மெழுகு பூசின மாதிரி அந்தப் பச்சையில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிறது.