சைவம் இல்லங்க, அரை வயித்துச் சாப்பாடுதான் பிரச்சன

அந்த காலேஜ் விழா வீடியோவ நேத்துலேர்ந்து ஆளாளுக்கு என்னைய டேக் பண்ணி அனுப்பிட்டே இருக்கீங்க. பாத்துட்டேன், முழுசாவே பாத்துட்டேன். அவ்ளோ பொண்ணுங்க முன்னாடி ஒருத்தர் மைக்க புடிச்சுகிட்டு "சைவம் மட்டும் சாப்பிட்டா கர்ப்பப்பை வீக் ஆயிடும், அதான் பீரியட்ஸ் தள்ளிப்போகுது"ன்னு சொல்றாரு, கைதட்டுறாங்க. கீழ கமெண்ட்ல "தயிர்சாதத்துக்கு இதான் கதி"ன்னு சிரிப்பு எமோஜி. அதுக்கு பதில் சொல்றேன்னு இன்னொரு கூட்டம் வந்து "கறி திங்குறதாலதான் பிசிஓடியே வருது, சாத்வீகமா சாப்பிடுங்க"ன்னு எழுதுது. உங்க சாதிச் சண்டைய போட எங்க கர்ப்பப்பைதான் கிடைச்சுதா?

ஒண்ணே ஒண்ணுதான் சொல்ல வரேன். சைவம் சாப்பிடுறதால பீரியட்ஸ் நிக்காது. பத்தாம சாப்பிட்டா நிக்கும்.

உடம்புக்கு வேண்டிய சாப்பாடு தொடர்ந்து வரலைன்னா, இப்ப ஒரு புள்ளைய சுமக்குற நிலைமை இல்லன்னு மூளை முடிவு பண்ணிடும். மூளைக்குள்ள இருக்குற ஹைப்போதலாமஸ்லேர்ந்து போற சிக்னல் குறையும், கருமுட்டைய வளத்து வெளிய விடுற எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன் குறையும், கருமுட்டை வெளிய வராது, தேதி தள்ளும், அப்புறம் நின்னே போயிடும். மட்டன் சாப்பிடுற பொண்ணு பட்டினி கிடந்தாலும் இதே கததான். ஓட்டப்பந்தயத்துல ஓடுற பொண்ணுங்க பல பேருக்கு நிக்குறதும் இதனாலதான், ஓடுற அளவுக்கு சாப்பிடுறதில்ல.

எனக்கு இது நடந்திருக்கு. திருநெல்வேலி பக்கம் சுத்த சைவ வீடு எங்களுது, காலேஜுக்கு கோயம்புத்தூர் ஹாஸ்டல். மெஸ்ல மத்தவங்களுக்கு முட்டை, சிக்கன் குடுக்குற நாள்ல சைவத்துக்கு ஒரு வாழைப்பழம், இல்லன்னா ஒரு அப்பளம். சாம்பார்ல பருப்ப தேடணும். காலையில கிளாஸுக்கு ஓடுற அவசரத்துல பாதி நாள் வெறும் காபி. முதல் வருஷம் முடியுறதுக்குள்ள சுடிதார் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, பீரியட்ஸ் மாசக்கணக்கா வரல. அம்மா பயந்துட்டாங்க, எதுக்கு பயந்தாங்கன்னு பொண்ணா பொறந்த எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு வந்ததும் என்னைய தனியா கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, அந்த வலி இன்னும் போகல. அப்புறம் ஸ்கேன் எடுத்தா கட்டி இல்ல ஒண்ணும் இல்ல. ஹீமோகுளோபின் மட்டும் ஒன்பதுக்கும் கீழ. அந்த லேடி டாக்டர் "நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னம்மா சாப்பிட்ட"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் யாருமே கேக்காத கேள்வி அது. கறி சாப்பிடுன்னு அவங்க சொல்லல. மூணு வேளையும் வயிறு நிறைய சாப்பிடு, வேர்க்கடலை, சுண்டல், பால், கீரை எடுத்துக்கோன்னு சொல்லி இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அந்த லீவு முழுக்க ஆச்சி கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டிக் குடுத்துட்டே இருந்தாங்க. எடை ஏறுச்சு, பீரியட்ஸ் தானா திரும்ப வந்துச்சு. சைவமாவேதான் இருந்தேன்.

இப்ப "அப்போ கறியில சத்து இல்லைங்கிறியா"ன்னு வருவீங்க. நான் எங்கங்க அப்படி சொன்னேன்? ஈரல்லயும் கறியிலயும் இருக்குற இரும்பு உடம்புல சுலபமா ஏறும், கீரை பருப்புல இருக்குறது அந்த அளவுக்கு ஏறாது, இது உண்மை. பி12 வைட்டமின் செடி கொடியில கிடையவே கிடையாது, பாலு தயிரையும் விட்டவங்க மாத்திரைதான் போட்டாகணும். அதனாலதான் சைவக்காரங்க இன்னும் கவனமா சாப்பிடணும்னு சொல்றேன். கீரைல எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க, நெல்லிக்காய் கடிச்சுக்கோங்க, சாப்பிட்ட கையோட டீ காபி குடிக்காதீங்க, அது இரும்ப ஏற விடாது.

ஆனா ரத்தசோகை சைவக்காரங்க வியாதின்னு மட்டும் சொல்லாதீங்க. 2019-21 தேசிய குடும்பநல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்கள்ல 53 சதவீதத்துக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! தமிழ்நாட்டுல சுத்த சைவம் எத்தன பேரு இருப்பாங்க? ரொம்ப கொஞ்சம். அப்ப மீதி எல்லாரும் யாரு? மீன் குழம்பு வீட்டுப் பொண்ணுங்கதான். சட்டியில மீன் இருந்தா மட்டும் போதுமா, அவ தட்டுக்கு என்ன வந்துச்சுன்னு பாக்க வேணாமா?

ரத்தம் கம்மியா இருக்கு, அதான் பீரியட்ஸ் வரலன்னும் ஒரு பேச்சு இருக்கு. பெரும்பாலும் தலைகீழ். மாசாமாசம் அதிகமா போறதாலதான் ரத்தம் குறையுது. ஒரு தடவைக்கு 80 மில்லிக்கு மேல போனா அது அதிகம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புன்னும் பொம்பளைக்கு 29ன்னும் சொன்னது சும்மா இல்ல.

ஆய்வு இருக்கான்னு கேக்குறவங்களுக்கு. 1986ல ஜெர்மனியில எடை குறைக்க டயட் குடுத்து பாத்தாங்க, சைவ டயட்ல இருந்தவங்களுக்குதான் கருமுட்டை வர்றது அதிகமா பாதிச்சுச்சு. இத மறைக்க மாட்டேன். ஆனா 1994ல கனடாவுல எடை மாறாம இருக்குற பொண்ணுங்கள பாத்தப்போ சைவக்காரங்களுக்கு சைக்கிள் மோசமாவே இல்ல. ரெண்டயும் சேத்து பாருங்க, எடை குறையுறப்போ பாதிக்குது, எடை மாறாதப்போ பாதிக்கல, நான் மேல சொன்னதுதான். ரெண்டுமே சின்ன ஆய்வுதான், ஆனா மேடையில பேசினவர் இந்த ரெண்டு கூட இல்லாமதான பேசினாரு.

"எங்க பாட்டி சைவம், பத்து புள்ள பெத்தாங்க"ன்னு சொல்றவங்களோட எனக்கு பேச்சே இல்ல. பாட்டிக்கு யாரு ரத்தம் டெஸ்ட் பண்ணி பாத்தீங்க?

எனக்கு ஆத்திரமா வர்ற இடமே வேற. சைவ வீட்டுல அந்த சைவச் சாப்பாடாச்சும் பொண்ணுக்கு ஒழுங்கா கிடைக்குதா? பால்ல முதல் டம்ளர் தம்பிக்கு. நெய் அப்பாவுக்கு. செவ்வாய் வெள்ளி விரதம், சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, எல்லாத்துக்கும் பட்டினி கிடக்குறது அம்மாவும் அத்தையும்தான். எங்க அத்தை கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் அடியில இருக்குற ரசத்த ஊத்தி சாப்பிட்டவங்க, படியேறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னா வயசாகுதுல்லன்னு மாமா சொல்லிடுவாரு. அப்ப அவங்களுக்கு நாப்பது கூட ஆகல. மாசாமாசம் கட்டி கட்டியா போயிட்டு இருந்தது யாருக்கும் தெரியாது, அவங்களும் சொல்லல. சொல்லிக் குடுத்து வளக்கலையே. இதையும் சாத்வீகம்னு சொல்வீங்களா?

சின்னப் பொண்ணுங்களுக்கு சொல்றேன், மூணு மாசம் வரலைன்னா எவன் ரீலயும் பாத்துட்டு உக்காராதீங்க, டாக்டர பாருங்க. ஹீமோகுளோபின், உடம்புல சேத்து வச்சிருக்குற இரும்ப காட்டுற ஃபெரிட்டின், பி12, தைராய்டு எல்லாம் சாதாரண ரத்த டெஸ்ட்தான். கல்யாணமாகாத பொண்ணு ஏன் போகணும்னு வீட்டுல கேட்டா இந்த பதிவ காட்டுங்க.

கமெண்ட்ல தயிர்சாதம், பிரியாணின்னு ஆரம்பிச்சீங்கன்னா அழிச்சிடுவேன். ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணுங்க, இருந்தவங்க, உங்க மெஸ்ல முட்டை போடுற அன்னிக்கு சைவத்துக்கு என்ன குடுக்குறாங்கன்னு மட்டும் எழுதுங்க. வாழைப்பழமா, அப்பளமா, இல்ல அதுவும் இல்லையா.