ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள்
'அதிக ஆழம் போகும் மெட்டல் டிடெக்டராகப் பார்த்து வாங்குங்கள்' என்கிறது கட்டுரை. இங்கிலாந்தில் உழுத வயல்களில் பழங்காசு தேடும் என் அனுபவம் வேறு. துருப்பிடித்த ஆணிகள் மண்டிய நிலத்தில் பெரிய காயில் (டிடெக்டரின் அடியில் இருக்கும், உலோகத்தை உணரும் வட்டத் தலை) திணறும்; சின்னதுதான் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் வெள்ளிக்காசைப் பிரித்துக் காட்டும். நான் தொடங்கியது 6.5 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் காரெட் ஏஸ் 250 என்ற டிடெக்டரில். அதில் இரும்புக்குச் சத்தம் போடாதபடி ஒதுக்கிவிடலாம். குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையத்தை ஒதுக்கினாலோ சில தங்க மோதிரங்களும் சேர்ந்தே போய்விடும், சத்தம் அப்படி ஒன்றுபோல இருக்கும். (என் வீட்டில் ஒரு டப்பா நிறைய டின் வளையம்தான்!) ஆழத்துக்குச் செலவழிக்காமல் மிச்சமாகும் பணத்தில் பின்பாயிண்டர் (தோண்டிய குழியில் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) வாங்குங்கள், மண்ணைக் கையால் அளைய வேண்டாம். நிலத்துக்காரர் அனுமதி முக்கியம். புதையல் எனத் தோன்றினால் இங்கே 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனரிடம் (மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) சொல்லிவிடுங்கள்.