ஐந்தாவது சான்றிதழ் வேண்டாம்

போன மாதம் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் பரணிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொட்டினார். லேமினேட் செய்த நாலு சான்றிதழ்கள். நாலிலும் ஒரே படிப்புதான்: கடற்பாசி வளர்ப்பு, மூன்று நாள்.

மதினி பன்னிரண்டு வயதிலிருந்து மன்னார் வளைகுடாவில் தென்கடல் தீவுப் பக்கம், கடலில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். விரலில் துணியைச் சுற்றி, காலில் தகரத்தட்டைக் கட்டி முங்குகிறவர். அவருக்குத்தான் மிதவையில் விதைப்பாசி கட்டும் முடிச்சைத் திரையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "இந்த முடிச்சு மொத அலைக்கே அவுந்துரும் சார்னேன். சிரிச்சுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு தம்பி."

தெரியாத விஷயம் மதினிக்கும் உண்டு. ஆனால் அது கடலுக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. 12க்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், ஓரா மீன் தின்றது போக, 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். பத்துக் கிலோ காய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் மிஞ்சும். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, "ஈரம் இருக்கு" என்று சொல்லிக் கழித்துக்கொள்கிறார். எவ்வளவு ஈரம், எதை வைத்துச் சொல்கிறார்? நாலு பயிற்சியிலும் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பச்சைப் பாசியைப் பிழிந்தால் பயிருக்குத் தெளிக்கும் திரவ உரம், சக்கையிலிருந்து ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கப் போகும் கராஜீனன். காசு அங்கேதான் இருக்கிறது. நம் பெண்களுக்கோ பாடம் மூட்டை கட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. நாம் வளர்க்கும் கப்பாபைகஸ் நம் கடல் பாசி இல்லை. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிதவையை எங்கே போடக்கூடாது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். 1986-ல் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே பாசி எடுக்கத் தடை வந்தது தெரியும். ஏன் தடை என்று ஊரில் உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு. மதினியைப் போலவே பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் வகுப்பெடுக்க வேண்டும், படம் போடுகிறவர் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்கிறார்கள். சரி, வரட்டும். அங்கே ஆய்வகத்தில் யார் நிற்பார்கள்? இப்போதே படிக்க வைக்காவிட்டால் நம் பிள்ளைகளுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கையில் காசும் இருக்காது. வகுப்பை அப்போது வையுங்கள், தினப்படியும் கொடுங்கள். இந்த வருஷம் ஈரம், தரம். அடுத்த வருஷம் திரவ உரம். அப்புறம் கணக்கு வழக்கு. அஞ்சாம் வகுப்போடு நின்ற மதினியும் ஐடிஐ முடித்த அவர் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தரும் முறை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கடலுக்குள் வந்து சோதிக்கட்டும்.

கிளம்பும்போது மதினி கேட்டார்: "அந்த ஈரம் பாக்குற மிஷின் என்ன வெல தம்பி?"

போனில் தேடினால் நெல்லுக்கும் மரத்துக்கும் உள்ளதுதான் வருகிறது. பாசிக்கு ஒத்துவருவது எது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.