பூட்டு கணினிக்கா, ஆளுக்கா?

மேக்கில் விண்டோஸ் ஓட்டினால் திரைவாசிப்பானின், அதாவது திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளின், உரிமம் திடீரென்று செல்லாமல் போகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது உண்மைதான், எனக்கே மூன்று முறை நடந்துவிட்டது. கணினியின் வன்பொருள் அடையாளங்களை வைத்து உரிமத்துக்குப் பூட்டுப் போடுகிறார்கள், ஆனால் மெய்நிகர் கணினியில், அதாவது மேக்குக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினியில், அந்த அடையாளங்களே மென்பொருள் உண்டாக்கிக் கொடுப்பவை, அதனால் அந்தக் கணினியின் கோப்பை நகலெடுத்தாலோ நெட்வொர்க் அட்டையின் முகவரி மாறினாலோ இது வேறு கணினி என்று திரைவாசிப்பான் முடிவு கட்டிவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு செயலி திறக்காது, அவ்வளவுதான். எங்களுக்குக் கணினியே ஊமையாகிவிடும். கடைசி முறை, அவசரமாக ஒரு அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில், திரைவாசிப்பான் நிறுவனத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

ஆப்பிளின் பூட் கேம்ப் வசதி இருந்தவரை விண்டோஸை மேக்கில் நேரடியாகவே நிறுவலாம். 2020-இல் வந்த எம்1 முதல் ஆப்பிள் சிப் மேக்குகளில் அது கிடையாது, மெய்நிகர் கணினிதான் வழி. இது தெரிந்தும் உரிமத்தை இன்னும் இயந்திரத்தோடு கட்டி வைப்பது நியாயமே இல்லை, பயனரின் கணக்கோடு இணைக்கட்டும்.

அதுவரை, வேறு மேக்குக்கு மாற்றும் முன் உரிமத்தை விடுவித்துவிடுங்கள். மெய்நிகர் கணினியை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள் கேட்டால் நகலெடுத்தேன் என்று சொல்லாமல் நகர்த்தினேன் என்று சொல்லுங்கள், பழைய அடையாளம் அப்படியே இருக்கும். அப்புறம், இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவின் போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) பிரதி ஒன்றை உள்ளேயே வைத்திருங்கள். அதுவும் இல்லாவிட்டால் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸிலேயே இருக்கும் நரேட்டர் என்ற திரைவாசிப்பானாவது பேசும்.