கழட்டிப் பார்ப்பது கொப்பியடிப்பது இல்லை

சனிக்கிழமை ஒரு பெடியன் தன் செயலிக்கு எழுதின திரைப் பட்டனை மேடையில் காட்டினான். மற்றது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், திரும்ப விபரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெடியனை மேடையில் வைத்து, “ஆண்ட்ராய்டில் இருக்கிற பட்டனின் கோட்டை (நிரலை)ப் பார்த்துத்தானே எழுதினாய், இதில் உன்ர வேலை என்ன?” என்று கேட்டது சரியில்லை. மூன்று நாளாக அது நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அவன் செய்தது டியூஷன் வரவுப் பதிவுக்கு ஒரு மூன்று நிலைப் பட்டன்: வந்தார், வரவில்லை, பிந்தி வந்தார். அதற்காக, ஆண்ட்ராய்டில் செக்பாக்ஸ், சுவிட்ச் போன்றவற்றுக்கு அடிப்படையான காம்பவுண்ட் பட்டனின் கோட்டைத் திறந்து வரி வரியாக வாசித்திருக்கிறான். அதற்குத் தெரிந்தது ஓம், இல்லை என்ற இரண்டு நிலைதான். சேமித்து வைப்பதும் அந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைக்கிற பூலியனைத்தான். கொப்பியடித்திருந்தால் மூன்றாவது நிலையை எங்கே வைத்திருப்பான்? போனைத் திருப்பினாலும் அந்த நிலை எப்படி அழியாமல் நிற்கிறது என்று விளங்கிக்கொண்டு, தன் பட்டனுக்கு இன்ட் (முழு எண்) ஒன்றை வைத்துச் சேமித்திருக்கிறான். கழட்டிப் பார்த்ததால் வந்த விளக்கம் அது.

நான் பார்க்காமல் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன். முதல் வருடம் ஒரு பாமசிக்குச் செய்த பில் செயலியில் ‘அழி’ பட்டனை நானே உருவாக்கினேன். விரல் பட்டவுடன் வேலை செய்யும். கடைக்கார ஐயாவுக்குக் கை நடுக்கம். தவறி விரலை வைத்துவிட்டு, அப்படியே வெளியே இழுக்கப் பார்த்தார். அதற்குள் நீளமான பில் முழுக்கப் போய்விட்டது. “தம்பி, மற்றப் பட்டன் எல்லாம் இழுத்தால் விடுகுதே” என்றார். அன்றிரவுதான், ஆண்ட்ராய்டின் எல்லாப் பட்டனுக்கும் அடிப்படையான வியூ என்ற நிரல் பகுதியின் கோட்டைத் திறந்தேன். விரல் வைக்கும்போது, அழுத்தப்பட்டது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. எடுக்கும்போதுதான் கிளிக். விரல் வெளியே போனால் ரத்து. ஆனாலும் ஓரத்தைத் தாண்டி 8 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கிற அலகு) வரை வழுக்கினால் பொறுத்துக்கொள்கிறது. அந்த 8 டிபியை எனக்கு ஒரு வகுப்பிலும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

“உரிமம்?” என்பார்கள். அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல உரிமம், கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். “ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தருமே?” தரும். விரல் வெளியே போனால் என்ன நடக்கவேண்டும் என்று கேட்க முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும். “சொந்தமாக யோசிக்க வேண்டாமா?” என்கிறவர்களுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. 90களில் யுத்தத்தால் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பா சாக்கை விரித்து டைனமோவைக் கழட்டி, ஒவ்வொரு துண்டையும் கழட்டின வரிசையிலேயே அடுக்கி வைப்பார். டைனமோவை நீயா கண்டுபிடித்தாய் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது பெடியள் ஒன்றும் செய்வதில்லை என்கிறோம். செய்தவனைத் தலைகுனிய வைக்கிறோம். அவன் பேசாமல் லப்டொப்பை மூடிக்கொண்டு இறங்கினதை எத்தனை பேர் பார்த்தீர்கள்?

தம்பி, இதை வாசித்தால்: ‘பிந்தி வந்தார்’ என்பதை டோக்பேக் (கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது) வாசிக்குதில்லை என்று கேட்டாய், பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டு 11 இலிருந்து வியூவில், நிலையைச் சொல்லில் கொடுக்கிற செட் ஸ்டேட் டிஸ்கிரிப்ஷன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நிலை மாறும் இடத்தில் அதைக் கூப்பிடு.