யமாட்டோ 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் நகல் அல்ல

'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற ஜப்பானிய அனிமே (அசைவூட்டத் தொடர்), 'ஸ்டார் வார்ஸ்' வெற்றியைப் பார்த்து எடுக்கப்பட்ட நகல் என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

யமாட்டோ ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1974 அக்டோபரில் தொடங்கி, 26 அத்தியாயங்களுடன் 1975 மார்ச்சில் முடிந்தது. 'ஸ்டார் வார்ஸ்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்ததே 1977 மே மாதத்தில்தான். ஜப்பானுக்கு 1978இல்தான் வந்தது.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் ஒளிபரப்பில் யமாட்டோவுக்குப் பார்வையாளர்கள் குறைவு. அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் 'ஹைடி' என்ற இன்னொரு அனிமே தொடர் ஓடிக்கொண்டிருந்தது. திட்டமிட்டதைவிடச் சீக்கிரமே தொடரை முடித்துக்கொண்டார்கள். மறு ஒளிபரப்புகளில்தான் ரசிகர்கள் திரண்டார்கள். அத்தியாயங்களைத் தொகுத்து 1977 ஆகஸ்டில் திரைப்படமாக வெளியிட்டபோது அது பெரும் வெற்றி பெற்றது. அமெரிக்கர்கள் இத்தொடரை 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் 1979இல்தான் பார்த்தார்கள். அந்த ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு நகல் என்று தீர்ப்பு எழுதுவது பெரிய அநியாயம்.

கதையின் வேரும் வேறு. 1945 ஏப்ரலில் அமெரிக்க விமானத் தாக்குதலில் மூழ்கிய உண்மையான போர்க்கப்பல் யமாட்டோ, 2199இல் விண்கலமாக எழுகிறது. காமிலாஸ் என்ற வேற்றுக்கிரகத்தவர் நடத்திய தாக்குதலின் கதிர்வீச்சால் அழிந்துவரும் பூமியைக் காக்கும் கருவியைப் பெற, 1,48,000 ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள இஸ்கண்டார் என்ற கோளுக்குப் போய், ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தோல்வியையும் அணுகுண்டையும் கண்ட ஒரு நாட்டிலிருந்து பிறந்த கற்பனை இது.