டவுனில் ஒன்றுமில்லை என்று சொன்னவருக்கு

அந்த வீடியோவைப் பற்றித்தான். நாலு நாளில் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் இங்கே திரும்பப் போடவில்லை. திருகோணமலையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று தொடங்கும் இருபத்திரண்டு நிமிட வீடியோவில் எங்கள் கடைத்தெருவுக்குக் கிடைத்தது பதினொரு விநாடி. அதுவும் ஓடுகிற வான் வண்டியின் கண்ணாடிக்குள்ளால். "டவுனுக்குள்ள ஒன்னுமில்ல, பழைய கடைகள் மட்டும்தான். நேரா நிலாவெளிக்குப் போயிருங்க."

நேரம் வைத்துப் பார்த்தேன். பதினொரு விநாடிதான்.

தம்பி, வானை விட்டு இறங்கினீர்களா? பிரதான வீதியில் ஒரு கடை வாசலிலாவது கால் வைத்தீர்களா? இறங்கி நடக்காத தெருவில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல வருகிறது? எனக்கு இருக்கிற கேள்வி இது ஒன்றுதான். இதற்குப் பதில் சொல்லாமல், "அவர் தன்னுடைய கருத்தைச் சொன்னார்" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். ஒரு ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்ல அந்த ஊரில் கொஞ்ச நேரமாவது நடந்திருக்க வேண்டும்.

பிரெட்ரிக் கோட்டையைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டு 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் வந்தது, எல்லாம் வருகிறது. அங்கே திரிகிற மான்களையும் அழகாகக் காட்டியிருக்கிறார். அந்தக் கோட்டை வாசலில் இருந்து கடைத்தெருவுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்ததே, அந்த மாலுமிகளுக்கு உடுப்புத் தைத்தவர்கள், சலவை செய்து கொடுத்தவர்கள், சப்பாத்துத் தைத்தவர்கள் எங்கே இருந்தார்கள்? என் அப்பப்பா அதில் ஒருவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, பாதி தைத்த வெள்ளைக் காற்சட்டைகளை ஒரு சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளை குட்டியோடு தம்பலகாமத்துக்கு நடந்தாராம். ஊரே ஓடும்போது அதையேன் தூக்கினீர்கள் என்று கேட்டால், "ஆக்களின்ர சாமானெல்லோ" என்பார். வரலாறு கோட்டைச் சுவரோடு முடிந்துவிடவில்லை. அது தெருவுக்குள்ளும் வந்தது.

எங்கள் பிரதேச செயலகத்தின் பெயரே 'பட்டணமும் சூழலும்'. பட்டணத்தை விட்டுவிட்டுச் சூழலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் திருகோணமலையைப் பார்த்தோம் என்று சொல்கிறார்கள்.

கடந்த சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடியோவைப் பார்த்துவிட்டு அவளும், "உண்மையா அப்பா, அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். அதுதான் என்னை எழுப்பியது. பஸ் நிலையத்தில் இறங்கி, பத்திரகாளி அம்மன் வாசலில் கும்பிட்டுவிட்டு, நடக்கத் தொடங்கினோம்.

முதலில் நாட்டு மருந்துக்கடை. வாசலுக்கு வரும்போதே பெருங்காயமும் வசம்பும் சேர்ந்து மணக்கும். மேலே வளையில் ஒரு பழைய பால்மாப் பேணி தொங்குகிறது, அதற்குள் நூல்பந்து. பேணியின் அடியில் குத்திய துளையால் நூல் இறங்கி ஐயாவின் கைக்கு வருகிறது. சுக்கும் திப்பிலியும் கேட்டேன். பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அளந்து கொட்டி, வாயை மடித்து, நூலை மூன்று சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு சுண்டு. நூல் அறுந்த சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் இல்லை, ஒட்டுகிற நாடா இல்லை. மகள் கண் வெட்டாமல் நின்று பார்த்தாள். "இன்னொரு சரை கட்டிக் காட்டுறீங்களா தாத்தா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு கொஞ்சம் கற்கண்டு போட்டு ஒன்று கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தச் சரையை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

பிறகு பாத்திரக்கடை, புடவைக்கடை, கருவாட்டுக்கடை. கட்டாக் கருவாடு எது பழசு, எது புதுசு என்று வாலை வளைத்துக் காட்டிச் சொல்லித் தந்தார் ஒரு நானா. பத்து மணிக்குச் சைவக்கடையில் உளுந்து வடையும் பிளேன்டீயும். எனக்குப் பக்கத்தில் சிங்களத்தில் பேசிக்கொண்டு இரண்டு பேர், எதிரில் மூதூரில் இருந்து கலியாணச் சாமான் வாங்க வந்த ஒரு குடும்பம். ஒரே மேசை, ஒரே சம்பல் கோப்பை. மத்திய வீதியில் ஒரு தையல்காரர் சேட்டின் தேய்ந்த கொலரைப் பிரித்து, புரட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தேய்ந்த பக்கம் உள்ளே போய்விடும், சேட்டு இன்னும் இரண்டு வருடம் போகும். இதைச் செய்துதர உங்கள் நிலாவெளி ஹோட்டலில் யாராவது இருக்கிறார்களா?

நிலாவெளியைக் குறை சொல்லவில்லை. அதுவும் எங்களுடைய கடல்தான். அங்கேயும் எங்கள் பிள்ளைகள்தான் வேலை செய்கிறார்கள்.

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும். வடிகான் நாறுகிறது. நாறுகிறதுதான், மறுக்கவில்லை. வாகனம் நிறுத்த இடமில்லை. அதனால்தான் நடக்கச் சொல்கிறேன். வெயில். காலையில் வாருங்கள்.

"பழையதையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் ஊர் எப்படி முன்னேறும்?" என்று ஒருவர் எனக்கு உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். இதற்குத்தான் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும். தம்பி, நான் எதையும் கட்டிப்பிடிக்கவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது முதலில் சந்தோசப்பட்டவன் நான். அதற்கு முன் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். மூதூர்ச் சனம் லோஞ்சில், அதுதான் மோட்டார்ப் படகில், வரும். என் அப்பா பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையில் முப்பத்தொரு வருடம் கணக்குப்பிள்ளை. காலை லோஞ்ச் வந்தால் கடை நிறையும், பின்னேர லோஞ்சுக்கு நேரமாகிறது என்றால் பில்லைக்கூடப் பிறகு போடலாம் என்று சாமானைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார். அடுத்த கிழமை காசு வந்துவிடும். பாலம் வந்தது, அந்த ஓட்டம் குறைந்தது. குறையட்டும், சனத்துக்கு வசதி வந்தது நல்லது. முன்னேற்றத்தை யாரும் மறிக்கவில்லை. ஆனால் முன்னேறுவது என்றால் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்க்காமல் போவதா?

இந்தத் தெரு எத்தனை தரம் எரிந்தது என்று அந்த வீடியோவில் ஒரு வசனம் வந்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். 1983 கலவரத்தை எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். 2006ஐ நானே பார்த்தேன். ஏப்ரல் 12, சித்திரை வருடப்பிறப்புக்குச் சாமான் வாங்கச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற நேரம் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. செத்ததில் எல்லாச் சனமும் இருந்தது. அதற்குப் பிறகு கும்பல் வந்தது, கடைகள் எரிந்தன. அப்பாவின் கடையும் போனது. அந்தக் காலத்துப் பலகைக் கதவு, ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் எழுதியிருக்கும், ஒழுங்கு மாறினால் பூட்டாது. மூன்றாம் நாள் அப்பா போய்ச் சாம்பலுக்குள் தேடி, பாதி கருகிய ஏழாம் இலக்கப் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதலாளி தகரக் கதவு போட்டு அதே இடத்தில் கடையைத் திறந்தார். அப்பாவும் போனார்.

அந்தக் கடைகளைத்தான் "பழைய கடைகள் மட்டும்தான்" என்கிறீர்கள். எரித்த இடத்தில் திரும்பத் திறந்தவர்கள் அவர்கள்.

"நீங்கள் கடைசியாக அங்கே எப்போது உடுப்பு வாங்கினீர்கள்?" என்றும் ஒரு கேள்வி வந்தது. மகளின் பள்ளிக்கூட வெள்ளைத் துணி தை மாதத்தில் அங்கேதான் எடுத்தேன். அவளுடைய சப்பாத்தைக் கொழும்பில் இருந்து போனில் எடுப்பித்தேன், உண்மை. அது பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பிழையைக் காட்டினால் அந்தப் பதினொரு விநாடி சரியாகிவிடாது.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அந்தத் தம்பி வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. போன ஆடி மாதம் லண்டனில் இருந்து என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தான். இருபது வருடத்துக்குப் பிறகு வருகிறான். வானில் நேராகக் கோணேசர் கோயில், கும்பிட்டு முடிய, கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் நின்று படம், அப்படியே உப்புவெளி ஹோட்டல். "வா, ஒருக்கா கடைத்தெருவால நடந்திட்டு வருவம்" என்று கேட்டேன். "அங்க என்ன அண்ணா இருக்கு?" என்றான்.

அவன் ஆறாம் வகுப்புக்குப் போனபோது போட்ட சப்பாத்து அந்தத் தெருவில் வாங்கியது. சித்தப்பாவிடம் அப்போது காசு இல்லை. என் அப்பா தன் பெயரில் கடன் எழுதி வாங்கிக் கொடுத்தார். அவன் பிளேன் ஏற முதல்நாள் எடுத்த இரண்டு நீளக் காற்சட்டையும் அங்கேதான், அளவு எடுத்த தையல்காரர் இன்னும் இருக்கிறார். சனிக்கிழமை என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி லண்டனால வந்தவராமே, இந்தப் பக்கம் வரேல்லையோ?"

நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வீடியோ போட்ட தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. திரும்ப வாருங்கள், வானைக் கடற்கரைப் பக்கம் நிறுத்துங்கள். வருகிற சனிக்கிழமையும் நானும் மகளும் போகிறோம். காலை எட்டரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்போம். யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு நடப்பேன். மதியம் சோறு என் செலவு. லண்டன்காரன் இதை வாசித்தால், உன்னுடைய காற்சட்டை அளவு அந்தத் தையல்காரருடைய கொப்பியில் இன்னும் இருக்கிறதாம். எனக்குக் காட்டினார்.